அவனுக்கு எந்த நாள் டியூட்டி?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற பிரதி அதிபர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: திருகோணமலை நகரப் பாடசாலை ஒன்றில் மாணவத் தலைவர்களுக்குப் பொறுப்பாசிரியையாக இருக்கிறேன். இம்முறை முப்பது பேரைத் தெரிவு செய்தோம். பெயர்களைப் பலகையில் எழுதிய பிறகுதான் கண்ணில் பட்டது, நிலாவெளிப் பக்கமிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பஸ்ஸில் வருகிற பிள்ளைகளில் ஒருவரும் இல்லை. உயர்தரத்தில் ஊன்றுகோலோடு நடக்கிற மாணவன் ஒருவன் படிக்கிறான். அவன் பெயரையும் யாரும் சொல்லவில்லை. நாங்கள் ஒருவரையும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. எங்கே பிழைத்தது?
– ஆசிரியை, உவர்மலை

பதில்: பலகையைப் பார்த்துத் திடுக்கிட்டீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றித் தரலாம். நான் இருபது வருஷம் திடுக்கிடாமலே பலகை எழுதியவள்.

வேண்டுமென்று ஒதுக்கவில்லை என்பதை நம்புகிறேன். உங்கள் நேரசூசி ஒதுக்கியிருக்கும். மாணவத் தலைவர்கள் காலையில் எத்தனை மணிக்கு வாசலில் நிற்க வேண்டும்? ஆறே முக்காலுக்கா? கிண்ணியாவில் பஸ் ஏறுகிற பிள்ளை அதற்கு எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும்? 2009இல் பாலம் திறந்ததோடு பாதைப் படகுக்காகத் துறையில் காத்து நின்ற காலம் போய்விட்டது. பஸ்ஸுக்குக் காத்து நிற்பது போகவில்லை. கூட்டம் எந்த நாளில் வைக்கிறீர்கள்? வெள்ளிக்கிழமை பகல் என்றால் ஜும்ஆவுக்குப் போகிற பிள்ளைகளின் கதிரை வெறுமையாகத்தான் கிடக்கும். கோட்டும் டையும் சொந்தக் காசில் தைக்க வேண்டுமா? இதையெல்லாம் கேள்விப்பட்ட பிள்ளை, நீங்கள் பெயர் கேட்கும்போது தலையைக் குனிந்துகொள்ளும். உங்களுக்கு அது விருப்பமின்மை போலத் தெரியும்.

ஊன்றுகோல் மாணவனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பாடசாலையிலும் அப்படி ஒருவன் இருந்தான். சிறுவயதில் கால் பாதிக்கப்பட்டவன். ‘அவனையும் போடுவோம்’ என்று நான்தான் பெயர் கொடுத்தேன். சின்னம் சூட்டும் விழாவில் அவன் மேடையேறியபோது மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கை தட்டினார்கள். படமும் எடுத்தோம். பிறகு டியூட்டிப் பட்டியல் போட்டபோது அவன் பெயரை எழுதாமல் விட்டதும் நான்தான். பாவம், வெயிலில் நிற்பானா, மாடிப்படி ஏறுவானா என்ற இரக்கம். மூன்றாம் கிழமை காரியாலய வாசலில் வந்து நின்றான்.

“ரீச்சர், எனக்கு எண்டைக்கு டியூட்டி?”

அந்தக் கேள்விக்கு முன்னால் என் இரக்கத்தை எங்கே ஒளித்து வைப்பதென்று தெரியவில்லை. பிறகு என்ன செய்யலாம் என்று அவனிடமே கேட்டேன். அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். வாசலடி வேம்புக்குக் கீழே ஒரு மேசையும் கதிரையும் போட்டுத் தந்தால் பிந்தி வருகிறவர்களின் இடாப்பைத் தான் பார்ப்பதாகச் சொன்னான். இரண்டு கிழமையில் கொப்பியோடு வந்தான். திங்கட்கிழமைகளில் பிந்துகிறவர்கள் அதே ஏழு பேர், ஏழு பேரும் ஒரே பஸ். அதுவரை அந்த ஏழு பேரையும் நாங்கள் குப்பை பொறுக்க விட்டுக்கொண்டிருந்தோம். அதிபர் டிப்போவுக்குக் கடிதம் போட்டார். பஸ்ஸின் நேரம் மாறவில்லை, ஆனால் குப்பை பொறுக்க விடுவது நின்றது.

இனி உங்கள் பலகைக்கு வருவோம். எழுதிய முப்பது பேரையும் அழிக்க வேண்டாம், அவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. இன்னும் சில இடங்களைத் திறவுங்கள். கை உயர்த்திக் கேட்காமல் துண்டுக் கடதாசி கொடுங்கள். ‘நல்ல தலைவர் யார்?’ என்று கேட்டால் கிரிக்கெட் கப்டனின் பெயரும், மேடையில் ஆங்கிலம் பேசுகிறவளின் பெயரும்தான் வரும். ‘உனக்கு ஒரு பிரச்சினை என்றால் வகுப்பில் யாரிடம் போய்ச் சொல்வாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட முதல் தடவை, ஒரு வகுப்பில் அதிகம் வந்த பெயருக்குரிய பிள்ளையின் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. இடைவேளை டியூட்டி, நூலக டியூட்டி, பஸ் வரும்வரை சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற டியூட்டி என்று வேலையைப் பிரித்துவிட்டால் ஆறே முக்கால் எல்லாருக்கும் தேவைப்படாது. கோட்டுக்கு அபிவிருத்திச் சங்கத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் கோட்டையே நிறுத்துங்கள். எங்கள் ஊர் வெக்கைக்கு யார் கோட்டைக் கண்டுபிடித்தார்களோ!

இயலாமை உள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி, உடல் இயலாமையைக் காட்டி ஒருவரைக் கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுக்க முடியாது. சேர்ந்த பிள்ளைக்கு என்ன வேலை கொடுப்பது என்பதை நீங்களும் நானும்தான் தீர்மானிக்கிறோம்.

கேள்வி: மகள் தரம் 10. மாணவத் தலைவியாகப் பெயர் வந்திருக்கிறது. இவர் கடலுக்குப் போகிறவர். விடிய நான் மீன் வாடிக்குப் போனால் தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்துவது அவள்தான். வேண்டாம் என்று சொல்லிவிடட்டா?
– தாய், திருக்கடலூர்

பதில்: சொல்லாதீர்கள் தங்கச்சி. உங்கள் மகள் ஒன்றும் சொல்லாமல் நீங்கள் எழுதியதிலிருந்தே அவளுக்கு விருப்பமென்று தெரிகிறது. பொறுப்பாசிரியரிடம் நேரே போய், ‘விடிய வர ஏலாது, இடைவேளையில் நிற்பாள்’ என்று கேளுங்கள். கேட்டால் தருகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கேட்கத்தான் எங்கள் சனத்துக்குக் கூச்சம். கடலுக்குப் போகாத நாட்களில் தம்பியைத் தகப்பன் குளிப்பாட்டட்டும், கடல் ஒன்றும் வற்றிவிடாது.

கேள்வி: நான் மாணவர் பாராளுமன்றத்தில் சுகாதார அமைச்சர். ஒரு உறுதிமொழி, ஒரு படம், அவ்வளவுதான் நடந்தது. மலசலகூடத்துக் குழாய் உடைந்து இரண்டு தவணையாகிறது. நான் என்ன செய்ய?
– மாணவி, தம்பலகாமம்

பதில்: அமைச்சர் அவர்களே, கொழும்பிலும் நிலைமை சில நேரம் இப்படித்தான். பகிடி போகட்டும். ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெப்புக்காகப் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் உள்ள ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் கணக்கெடுக்கவில்லை. பெரியவர்களின் தேவைக்குப் பிள்ளையைப் பாவிப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்கு ஒரு கதிரை கொடுப்பது. உங்கள் படம் எந்தப் படி என்று உங்களுக்கே விளங்கும். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புப் பெறவும் பிள்ளைக்கு உரிமை இருக்கிறது என்கிறது. மலசலகூடத்துக் குழாய் உங்களைப் பாதிக்கும் விடயம்தானே? குழாய் பூட்ட எவ்வளவு முடியும் என்று கடையில் விலை கேட்டு, ஒரு பக்கக் கடிதமாக எழுதி, பதில் தரும் திகதியையும் அதிபரிடம் கேளுங்கள். சிறிய வகுப்புப் பிள்ளை ஒன்றையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் குழாய்க்கு உங்களைவிட அதிகம் அலைகிறது அதுதான்.

இதை வாசிக்கிற அதிபர்களுக்கு ஒரு வார்த்தை. காசில்லை என்றால் காசில்லை என்று எழுதிக் கொடுங்கள். ‘பார்ப்போம்’ என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்.

கேள்வி: சிரேஷ்ட மாணவத் தலைவர் தெரிவில் பழைய மாணவர் சங்கம் ஆலோசனை சொல்லலாமா?
– பழைய மாணவர், திருகோணமலை

பதில்: கூடாது. உங்கள் காலத்து பட்ஜ் இன்னும் அலுமாரியில் இருக்கும். அதைத் துடைத்து வையுங்கள்.