லாக் (சர்வர் எழுதும் பதிவுக் கோப்பு) தோண்டுவது எப்படி? கேள்வி பதில்

திருப்பூர்: அண்ணா, எங்கள் பனியன் கம்பெனி ஆர்டர் தளம் சாயங்காலம் ஆனால் 502 (பின்னால் உள்ள அப்ளிகேஷனிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்ற பிழை) காட்டுதுங்க. எங்கிருந்து தேடுவது?

முதலில் ஆக்சஸ் லாக்கை (வந்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி) வேறு இடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் வழக்கமான வடிவத்தில், இடைவெளியால் பிரியும் பத்திகளில் (column) முதல் பத்தி ஐபி, ஏழாவது பக்க முகவரி, ஒன்பதாவது நிலை எண். ஆக் (awk) என்ற கட்டளையில் ஒன்பதாவது பத்தி 502 ஆக உள்ள வரிகளைப் பிடித்து, ஏழாவதை மட்டும் எடுங்கள். அதை வரிசைப்படுத்தும் சார்ட்டுக்கு (sort) அனுப்பி, அப்புறம் ஒரே மாதிரி வரிகளை எண்ணும் யூனிக் மைனஸ் சி (uniq -c), கடைசியில் பெரிய எண்ணை மேலே வைக்கும் சார்ட் மைனஸ் ஆர்என் (sort -rn). அதிகம் விழும் பக்கம் மேலே வந்துவிடும். முதல் சார்ட்டை விட்டுவிடாதீர்கள், யூனிக் அடுத்தடுத்த வரிகளைத்தான் ஒன்றாக்கும். வெறுமனே கிரெப் (grep) என்ற தேடல் கட்டளையில் 502 என்று தேடினால், 502 பைட் அனுப்பிய நல்ல வரியும் சேர்ந்து வரும்.

பிறகு அதே நேரத்து எரர் லாக். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்றிருந்தால், என்ஜின்எக்ஸ் கூப்பிடும் போர்ட்டில் உங்கள் அப்ளிகேஷன் ஓடவில்லை. சர்வர் யூடிசியில் (நம்மைவிட ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்) இருந்தால் நம் மாலை 6 மணி அங்கே 12:30, மறக்காதீர்கள்.

ஈரோடு: லாக்கில் புதிதாக விழும் வரிகளைப் பார்க்க டெயில் மைனஸ் எஃப் (tail -f) ஓட விட்டேன். நடுராத்திரிக்கு மேல் ஒரு வரியும் இல்லைங்க.

பழைய லாக்கை ஒதுக்கிப் புதியது தொடங்கும் லாக்ரொடேட் கோப்பை மாற்றியிருக்கும்; டெயில் பழையதையே பார்க்கிறது. பெரிய எஃப் (-F) போடுங்கள், புதியதைப் பின்தொடரும்.

நாமக்கல்: லாரி புக்கிங் சர்வரில் டிஸ்க் நிறைந்துவிட்டது. லாக்கை ஆர்எம் (rm) போட்டு அழித்தும் இடம் வரவில்லையே?

சர்வீஸ் அந்தக் கோப்பை இன்னும் திறந்தே வைத்திருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் இடம் வரும். இனிமேல் நகல் எடுத்துவிட்டு ட்ரன்கேட் செய்யுங்கள், அதாவது கோப்பை அழிக்காமல் உள்ளிருப்பதை மட்டும் காலி செய்யுங்கள். ஓடுகிற லாக்கில் ஆர்எம் வேண்டவே வேண்டாம்.

கரூர்: ராத்திரி 2 மணிக்கு எரர். லாக்கில் அந்த நேரத்தில் ஒன்றுமே இல்லை.

முந்தின நாள் 20:30-ல் பாருங்கள். யூடிசி.

பொள்ளாச்சி: எதுக்குங்க இந்த ஆக்? பைத்தானில் எழுதினால் படிக்கவாவது முடியுமே.

நாளை எழுதுங்கள், தப்பில்லை. தளம் விழுந்து கிடக்கும்போது ஒரு வரியில் பதில் வேண்டும். ஆக் வரி வரியாகப் படிப்பதால் பல ஜிபி கோப்பும் நினைவகத்தை அடைக்காது.

கோவை: பைத்தானும் வரி வரியாகப் படிக்கும் அண்ணா. எங்கள் லாக் ஜேசான் (பெயர், மதிப்பு என்று ஜோடிகளாக எழுதும் வடிவம்). அதில் பத்தி எண்ணி என்ன பண்ணுவது?

படிக்கும், சரிதான். ஆனால் கோப்பு முழுவதையும் ரீட்லைன்ஸில் (readlines) ஒரேயடியாக நினைவகத்துக்குள் இழுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். ஜேசானுக்கு ஆக் வேண்டாம், அதற்கென்றே உள்ள ஜேக்யூ (jq) போடுங்கள்.

பொள்ளாச்சி: அப்போ ஆக் எல்லாவற்றுக்கும் ஆகாதுதானே?

எல்லாவற்றுக்கும் என்று நான் சொல்லவில்லையே. அதே வேலையை வாரம் இருமுறை செய்தால் பைத்தானில் எழுதி வையுங்கள். இன்றைக்கு ஒருமுறை பார்க்க ஆக் போதும்.

தாராபுரம்: அண்ணா, லாக்கில் நேரம் தப்பாக இருக்குங்க...

யூடிசி. கரூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கோபி: விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் இதெல்லாம் நடக்குமா?

விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல் தெரிந்தவரைக் கேளுங்கள்.