ரீல் ஓடுகிறது, படம் நகரவில்லை: வாசகர் கேள்வி–பதில்

ஓவியங்களை ஆன்லைனில் விற்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை வியூஸ் பற்றியே இருந்ததால் இந்த முறை அதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

தஞ்சாவூர் ஓவியம் செய்கிறேன். வெண்ணெய்த்தாழி கிருஷ்ணனுக்குத் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டும் ரீல் ஒன்று 2,40,000 வியூஸ் போனது. அந்தப் படம் (15க்கு 12 அங்குலம், ஃப்ரேமோடு ₹16,000) இன்னும் என் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது. மெசேஜ் அனுப்பியவர்கள் 22 பேர், விலை கேட்டவர்கள் 3 பேர். எங்கே தப்பு?
– வாசகி, கும்பகோணம்

மீதி 19 பேர் என்ன கேட்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஊகிக்க முடிகிறது: ரேக்கு எங்கே கிடைக்கும், என்ன பசை, கிளாஸ் எடுப்பீர்களா. படத்தில் தப்பில்லை, கூட்டம்தான் வேறு. ரேக்கு ஒட்டும் காட்சி கண்ணுக்கு இதமானது. தூங்கப் போகுமுன் பார்ப்பவர்களும், தாங்களும் வரைபவர்களும் அதை ரசிப்பார்கள். பூஜையறைக்குப் படம் தேடுபவர் அந்தக் கூட்டத்தில் மிகக் குறைவு.

முதலில், அந்த 2,40,000 என்பது ஆட்களின் எண்ணிக்கை இல்லை. இன்ஸ்டாகிராமில் ரீல் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ. ஒருவரே ஐந்து தடவை பார்த்தால் ஐந்து வியூ. எத்தனை பேர் என்பதற்கு இன்சைட்ஸில் (பதிவின் புள்ளிவிவரப் பக்கம்) ‘ரீச்’ என்று தனிக் கணக்கு உண்டு. அதே பக்கத்தில் சேவ், ஷேர், ப்ரொஃபைலுக்கு வந்தவர்கள், எந்த நாட்டுக்காரர்கள் என்பதும் இருக்கும். அந்த ரீலைத் திறந்து நாடுகளின் பட்டியலைப் பாருங்கள். கண்ணாடி ஃப்ரேமோடு நீங்கள் அனுப்பவே முடியாத நாடுகள் மேலே இருந்தால் வியூஸ் எண்ணிக்கையை அப்போதே மறந்துவிடலாம்.

இனி ஒரு நோட்டில் இதை மட்டும் எழுதுங்கள்: தேதி, எந்தப் படம், எங்கிருந்து வந்தார், அளவோ விலையோ கேட்டாரா, அனுப்பும் செலவு கேட்டாரா, அட்வான்ஸ் போட்டாரா. அளவும் அனுப்பும் செலவும் கேட்பவர் மனதில் சுவரை அளந்துவிட்டவர். மூன்று மாதம் எழுதினால் எந்தப் பதிவு ஆளைக் கொண்டுவருகிறது, எது வெறும் கைதட்டல் என்று தெரிந்துவிடும்.

எங்கிருந்து வந்தார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியதில்லை. ‘டபிள்யூஏ டாட் மீ’ என்று தொடங்கும் வாட்ஸ்அப் லிங்கில் உங்கள் எண்ணுக்குப் பின்னால் ஒரு செய்தியை முன்பே சேர்த்து வைக்கலாம். இன்ஸ்டா பயோவில் வைக்கும் லிங்கில் “இன்ஸ்டாவில் பார்த்தேன், கிருஷ்ணன் படம் பற்றி...” என்றும், ஃபேஸ்புக்கில் வைப்பதில் வேறு வாசகமும் போடுங்கள். அவர் அனுப்பும் முதல் வரியே எங்கிருந்து வந்தார் என்று சொல்லிவிடும். எண்ணை 91 என்று தொடங்குங்கள். முன்னால் கூட்டல் குறியோ பூஜ்ஜியமோ இடைவெளியோ சேர்த்தால் லிங்க் சரியாகத் திறக்காது. ‘லிங்க் போட்டேன், யாருமே வரலை’ என்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

அடுத்து, வாங்குபவருக்கென்று தனி ரீல் எடுங்கள். அவர் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. ரேக்கு 22 கேரட்டா, இமிடேஷனா? (இமிடேஷன் ரேக்கு வருடம் போகப் போகக் கறுக்கும். உங்களுடையது அசல் என்றால் பில்லைக் காட்டுங்கள்.) பலகை என்ன பிளைவுட்? ஃப்ரேமோடு எத்தனை கிலோ, ஆணி தாங்குமா? படத்தை மார்போடு அணைத்துப் பிடித்தபடி ஒருவர் நிற்கட்டும். 15 அங்குலம் என்று எழுதினால் பாதிப் பேருக்கு அளவு பிடிபடாது, ஆள் நின்றால் பிடிபடும்.

போட்டோவில் எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில். ஃபிளாஷ் அடித்தால் மக்கு வேலையின் (ரேக்குக்கு அடியில் பசைக் கலவையால் புடைப்பாகச் செய்வது) மேடுகளில் ரேக்கு சில இடத்தில் வெள்ளையாக எரியும், சில இடத்தில் கறுப்பாகத் தெரியும். ரேக்கு கண்ணாடி மாதிரி, எதிரே இருப்பதைத்தான் காட்டும். எதிரே கறுப்பு போனும் கறுப்புச் சட்டையும் இருந்தால் தங்கமும் கறுப்புதான். நேர்வெயில் படாத ஜன்னல் ஓரத்தில், வெளிச்சம் பக்கவாட்டில் 45 டிகிரியில் விழும்படி படத்தை வையுங்கள். அறையின் எல்இடி விளக்கை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் சிவப்பும் பச்சையும் மாறும். வெள்ளை சார்ட் பேப்பரில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாக எடுங்கள். ரேக்கு மஞ்சளாக, சீராக வரும். கண்ணாடி மாட்டுவதற்கு முன்பே இதையெல்லாம் முடித்துவிட வேண்டும். மின்னுவதைக் காட்ட ஸ்டில் போதாது. விளக்கை இடமிருந்து வலம் மெதுவாக நகர்த்தி எட்டு விநாடி வீடியோ எடுங்கள்.

இன்னொன்று, நாள் பார்ப்பது. தஞ்சாவூர் படம் பெரும்பாலும் கிரகப்பிரவேசத்துக்கும் கல்யாணத்துக்கும் வாங்குவது. ஆடியிலும் மார்கழியிலும் அந்த விசேஷங்கள் இல்லை. ஆனால் ஆவணிக்கும் தைக்கும் தேடத் தொடங்குவது அந்த மாதங்களில்தான். ஆர்டர் எடுத்துச் செய்துகொடுக்க உங்களுக்கு ஒரு மாதம் ஆகும் என்றால், தை முகூர்த்தத்துக்கான பதிவு கார்த்திகையிலேயே போய்விட வேண்டும். தை பிறந்த பிறகு லட்சம் வியூஸ் வந்தால் எல்லோருக்கும் “இப்போ முடியாதுங்க” என்று பதில் எழுதத்தான் பயன்படும்.

யூடியூப் ஷார்ட்ஸில் பென்சில் ஓவியங்கள் போடுகிறேன். 2025 ஏப்ரலில் இருந்து வியூஸ் திடீரென்று ஏறியது. படம் கேட்டு வருபவர்கள் கூடவில்லையே, ஏன்?
– வாசகர், யாழ்ப்பாணம்

ஏறியது மீட்டர், ஆட்கள் இல்லை. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலோ மறுபடி ஓடினாலோ ஒரு வியூ என்று யூடியூப் கணக்கிடுகிறது. இத்தனை விநாடி பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விரலால் தள்ளிவிட்டுப் போனவரும் கணக்கில் சேர்வார். பழைய முறைக் கணக்கு அனலிட்டிக்ஸில் ‘என்கேஜ்டு வியூஸ்’ என்ற பெயரில் இருக்கிறது. பழைய மாதங்களோடு ஒப்பிட அதைப் பாருங்கள்.

₹500 கொடுத்தால் 50,000 வியூஸ் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஆரம்பத்துக்கு மட்டும் வாங்கலாமா?
– வாசகர், சேலம்

வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல அட்டைப்பெட்டி வாங்குங்கள். போலிக் கணக்குகள் சேவ் செய்யாது, ஷேர் செய்யாது, முழுதாகப் பார்க்காது. ‘இதைக் காட்டினால் யாரும் நிற்பதில்லை’ என்று ஆப் கற்றுக்கொண்டு அடுத்த படத்தை நிஜ ஆட்களுக்கும் காட்டுவதைக் குறைக்கும். மேலும், 50,000 வியூஸுக்குக் கீழே நான்கு லைக் இருப்பது வாங்க வருபவர் கண்ணிலும் படும்.

காசு போட்டே தீர வேண்டும் என்றால் முறையான விளம்பரம் கொடுங்கள். அதிலும் குறிக்கோளாக வியூஸைத் தேர்ந்தெடுக்காமல் ‘மெசேஜ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எதைக் கேட்கிறீர்களோ அதைச் செய்கிற ஆட்களாகப் பார்த்துத்தான் ஆப் விளம்பரத்தைக் காட்டும்.

என் வாட்டர்கலர் படங்களை ஏ4 பிரிண்ட்டாக ₹450க்கு விற்கிறேன். செலவு (பிரிண்ட், பேப்பர் கவர், அட்டை, கூரியர்) ₹195. போன மாதம் மூன்று ரீல் சேர்த்து 60,000 வியூஸ், 24 ஆர்டர். வியூஸை நம்பக் கூடாது என்கிறார்கள். எனக்கு வேலை செய்கிறதே?
– வாசகி, கோயம்புத்தூர்

உங்களுக்கு வேலை செய்யத்தான் செய்யும். ஒரே ஒரு அசல் படத்துக்குத் தேவை ஒரே ஒரு ஆள். அவரைப் பிடிக்க லட்சம் பேர் வேண்டியதில்லை. பிரிண்ட்டுக்கு நூறு ஆள் வேண்டும். ₹450 என்பது வீட்டில் யாரையும் கேட்காமல் வாங்கிவிடுகிற தொகை. விலை குறைந்து பிரதிகள் கூடக் கூட வியூஸுக்கு மதிப்பு கூடும்.

உங்கள் கணக்கில் 2,500 வியூஸுக்கு ஒரு ஆர்டர், ஆர்டருக்கு ₹255, மாதம் ₹6,120. இதே விகிதத்தில் 50 பிரிண்ட் விற்க 1,25,000 வியூஸ் வேண்டும். அதைத் துரத்துவதைவிட 2,500ஐ 2,000 ஆகக் குறைப்பது சுலபம். அதே 60,000 வியூஸில் 30 ஆர்டர் வந்துவிடும். அதற்கு ரீலின் முதல் இரண்டு விநாடியிலேயே ஃப்ரேம் போட்ட பிரிண்ட் சுவரில் இருப்பதைக் காட்டுங்கள். தூரிகை ஓட்டம் பிறகு வரட்டும். கடைசி வரை பார்ப்பவர் குறைவு. ‘பிரிண்ட் கிடைக்கும்’ என்று 40ஆவது விநாடியில் சொன்னால் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாமலே போகும்.

லாபத்தை வேகமாகத் தின்பது, மடங்கிப் போன பார்சலுக்கு மறுபடி அனுப்பும் ₹195தான். ஏ4ஐ சுருட்டாதீர்கள். 300 ஜிஎஸ்எம் போன்ற கெட்டியான பேப்பர் சுருளிலிருந்து விரிய அடம்பிடிக்கும். இருபுறமும் கெட்டி அட்டை, நான்கு மூலையிலும் டேப் (பிரிண்ட்டின் மேல் அல்ல, கவரின் மேல்). அட்டை பிரிண்ட்டைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் பெரிதாக இருக்கட்டும், இடிபடும் மூலை அட்டையினுடையதாக இருக்கும்.

போட்ட படத்தைத் திருடிப் பிரிண்ட் எடுப்பார்களோ என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். 1080 பிக்சல் அகலத்துக்கு மேல் போடாதீர்கள். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அதிலிருந்து 3.6 அங்குல அகலத்துக்குத்தான் சுத்தமான பிரிண்ட் வரும். ஏ4க்கு 2480 பிக்சல் வேண்டும். பெரிய ஃபைல் உங்களிடமும் பிரஸ்ஸிலும் மட்டும் இருக்கட்டும்.

கேலரியில் ஃபாலோயர்ஸ் எத்தனை என்று கேட்டார்கள். எனக்கு 900தான். வைரலான படத்துக்கு மட்டும் விலை ஏற்றலாமா என்றும் யோசிக்கிறேன்.
– வாசகர், சென்னை

ஏற்றாதீர்கள். அரை இம்பீரியல் தாளில் (15க்கு 22, அதாவது 330 சதுர அங்குலம்) சதுர அங்குலத்துக்கு ₹40 வைத்தால் ₹13,200. அதே அளவில், அதே மாதம் வரைந்த மூன்று படங்களில் ஒன்றுக்கு மட்டும் ₹25,000 போட்டால், வருபவர் மற்ற இரண்டில் ஏதோ குறை என்றுதான் நினைப்பார். இரண்டு கண்காட்சியில் தொடர்ந்து பெரும்பகுதி விற்றால் எல்லா அளவுக்கும் சேர்த்துப் பத்து, பதினைந்து சதவீதம் ஏற்றுங்கள். ஏற்றியதை இறக்கினால் முன்பு வாங்கியவர் முகத்தில் விழிக்க முடியாது.

கூட்டத்துக்கும் வாங்குபவர்களுக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு 2021 மார்ச்சில் கிறிஸ்டீஸ் நடத்திய ஏலம் ஒன்று போதும். ‘பீப்பிள்’ என்ற பெயரில் வரையும் மைக் விங்கெல்மனின் டிஜிட்டல் படம், 100 டாலரில் தொடங்கி 6.93 கோடி டாலருக்குப் போனது. கடைசி நிமிடங்களை 2.2 கோடிப் பேர் பார்த்ததாக கிறிஸ்டீஸ் சொன்னது. ஏலம் கேட்டவர்கள் 33 பேர். வாங்கியவர் ஒருவர்: ‘மெட்டாகோவன்’ என்ற பெயரில் கேட்ட நம்மவர், விக்னேஷ் சுந்தரேசன். இரண்டாவது ஆள் ஒருவர் விடாமல் கேட்டதால்தான் விலை அந்த உயரத்துக்கு ஏறியது. பார்த்துக்கொண்டிருந்த கோடிகள் ஒரு டாலரும் சேர்க்கவில்லை.

கேலரியிடம் 900 என்றே சொல்லுங்கள். கூடவே, விற்ற படங்களின் பட்டியலைக் கொடுங்கள்: ஆண்டு, அளவு, விலை, எந்த ஊருக்குப் போனது. வாங்கியவர் பெயர் வேண்டாம். இரண்டாம் முறை வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பதைத் தனியாகக் குறியுங்கள். இவ்வளவு சொன்ன பிறகும் ஃபாலோயர்ஸையே பிடித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்குத் தேவை உங்கள் கூட்டம். அப்படியானால் கமிஷனைப் பேசும்போது அதைச் சொல்லிக் குறைக்கச் சொல்லலாம். உங்கள் இன்ஸ்டா வழியாகக் கண்காட்சி நாட்களில் வரும் விற்பனைக்கும் கமிஷன் உண்டா, ஃப்ரேம் செலவு யாருடையது, விற்ற பணம் எத்தனை நாளில் வரும்? மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

விலையைப் பதிவிலேயே எழுதலாமா, ‘இன்பாக்ஸ் பண்ணுங்க’ என்று விடலாமா? இன்பாக்ஸ் என்றால் கமென்ட் கூடுகிறது.
– வாசகி, மதுரை

கமென்ட் கூடும், வாங்குபவர் குறைவார். ‘பிரைஸ் ப்ளீஸ்’ என்று நாற்பது பேர் எழுதியிருப்பதைப் பார்த்து, பணம் வைத்திருக்கும் ஆள் சத்தமில்லாமல் நகர்ந்துவிடுவார். கேட்டபிறகு கட்டுப்படியாகாவிட்டால் எப்படிச் சொல்வது என்ற கூச்சம் அவருக்கு. விலை, அளவு, ஃப்ரேம் உண்டா, அனுப்பும் செலவு தனியா என்பதை முதல் இரண்டு வரியிலேயே எழுதுங்கள், அதற்குக் கீழே போனால் ‘மோர்’ என்று மடங்கிவிடும். விற்ற படத்தின் பதிவை நீக்க வேண்டாம். விலையை அப்படியே விட்டு ‘விற்றது’ என்று சேருங்கள். அடுத்து வருபவர் முதலில் தேடுவது அதைத்தான்.