அப்பா கையில் மொபைல் வங்கி: பாதியில் நின்ற பாடம்

கேள்வி: 2020 ஊரடங்கில் அப்பாவின் போனில் வங்கிச் செயலியைப் போட்டுக்கொடுத்தேன். அதுவரை கிளைக்குப் போய், பாஸ்புக்கில் வரியைப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. இப்போது அவரே பணம் அனுப்புகிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் பயந்துபோய் என்னைக் கூப்பிடுகிறார். பழையபடி ரொக்கத்துக்கே போகச் சொல்லட்டுமா?

பதில்: வேண்டாம். அப்பாவைப் போல் அந்தச் சமயத்தில் பழகியவர்கள் ஏராளம். மக்கள் வங்கிச் சேவைகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும், உலக வங்கியின் 2021 ஃபின்டெக்ஸ் கணக்கெடுப்பைப் பாருங்கள். சீனா தவிர்த்த குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் கடைக்கோ இணைய வணிகத்துக்கோ கார்டு, போன் வழியாகப் பணம் கட்டியவர்களில் 40 சதவீதத்துக்கும் மேலானோர், பெருந்தொற்று வந்த பிறகுதான் முதல்முறை அப்படிக் கட்டினார்கள். நோட்டைத் தொட்டால் கிருமி ஒட்டும் என்ற பயமும் அவர்களைத் தள்ளியது. அந்த ஆபத்து குறைவுதான் என்று பிறகு தெரிந்தது. பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவசரத்தில் நாம் சொல்லிக்கொடுத்தது பணத்தை அனுப்பும் வித்தையை மட்டும்தான். தவறினால் என்ன செய்வது என்று சொல்லவே இல்லை. அவர் பயம் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

ஒரு மாலை பக்கத்தில் உட்காருங்கள். சிறு தொகை ஒன்றை உங்களுக்கே அனுப்பச் சொல்லுங்கள். கடைசிப் பட்டனை அழுத்தும் முன், திரையில் வரும் பெயரை அவர் வாய்விட்டுப் படிக்கட்டும். உடனடிப் பரிமாற்றத்தில் பணம் நொடியில் போய்விடும். திரும்ப வாங்குவது பெரும்பாடு. அப்புறம், பணம் வாங்குவதற்கு பின் (PIN) என்ற ரகசிய நம்பர் தேவையே இல்லை. "உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, பின் போடுங்கள்" என்று யாராவது சொன்னால், போகப்போவது அப்பாவின் பணம். ஓடிபி (போனுக்கு வரும் ஒருமுறை ரகசிய எண்) கேட்டாலும் சரி, ஏதாவது ஒரு செயலியை இறக்கச் சொன்னாலும் சரி, பேச்சை வளர்க்காமல் போனை வைத்துவிட வேண்டும்.

சேமிப்பு முழுவதும் உள்ள கணக்கைப் போனில் இணைக்காதீர்கள். செலவுக்கென்று தனிக் கணக்கு போதும்; தினசரி வரம்பையும் குறைத்துவிடுங்கள். கார்டின் பின்புறம் உள்ள வங்கி எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். போனே தொலைந்தால் அதில் சேமித்த எண் எதற்கு உதவும்? நெட்வொர்க் இல்லாத நாளுக்குக் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

பாஸ்புக் வரிகளை விரல் வைத்துப் படித்தவருக்கு மாதாந்திர ஸ்டேட்மென்ட்டை அச்செடுத்துக் கொடுங்கள், பிடித்துப்போகும். தெரியாத பற்று ஒன்று கண்ணில் பட்டால் அன்றைக்கே வங்கிக்குச் சொல்லட்டும். தாமதித்தால் நஷ்டம் அவர் தலையில் விழக்கூடும்.