ஒரு வாளித் தண்ணீரால் மண்ணை அறிய முடியுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் 6 சென்ட் மனையில் வீடு கட்டியிருக்கிறோம். செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீருக்கு உறிஞ்சு குழி எடுப்பதற்கு முன், ஏப்ரல் மாதத்தில் கொத்தனார் ஒரு சிறு குழி தோண்டி ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார். சில நிமிடங்களில் தண்ணீர் இறங்கிவிட்டது. "நல்ல சரல் (சிறு கற்கள் கலந்த) மண், கவலை வேண்டாம்" என்றார். ஜூன் மழையில் குழி நிரம்பி வழிந்து, பக்கத்து வீட்டு வாழைகளுக்கு இடையில் போய் நிற்கிறது. மண் மாறிவிட்டதா, சோதனை தவறா?
– வாசகி ஒருவர், மார்த்தாண்டம்

பதில்: மண் மாறவில்லை. கோடையில் காய்ந்து கிடக்கும் மண், காய்ந்த துணியைப் போல, முதலில் ஊற்றும் தண்ணீரைத் தன் வெற்றுத் துளைகளுக்குள் இழுத்துக்கொள்ளும். கொத்தனார் கண்டது அந்த இழுப்பைத்தான். மண் முழுவதும் நனைந்த பிறகு அதன் வழியே தண்ணீர் எவ்வளவு வேகமாகக் கடந்து போகிறது என்பதே நமக்குத் தேவையான அளவு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உறிஞ்சு குழி ஆண்டின் பெரும்பகுதி நனைந்த மண்ணில்தான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

முறையான சோதனை ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தர விதியில் உள்ளது. கொத்தனாரே செய்துவிடக்கூடிய அளவுக்கு எளியது. உறிஞ்சு அமைப்பு எந்த ஆழத்தில் வரப்போகிறதோ அந்த ஆழம் வரை, 10 முதல் 30 செ.மீ. அகலத்தில் செங்குத்தான குழி எடுக்க வேண்டும். மண்வெட்டியும் கடப்பாரையும் பட்ட இடத்தில் களிமண் மழமழவென்று பூசிக்கொண்டு துளைகளை அடைத்துவிடும் என்பதால், சுவரையும் அடியையும் கூர்மையான கம்பியால் கீறிவிட்டு, உதிர்ந்த மண்ணை அள்ளி எடுத்து, அடியில் 5 செ.மீ. அளவுக்குப் பருமணலோ பொடி ஜல்லியோ இட வேண்டும். அதற்கு மேல் 30 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, இரவு முழுவதும் ஊற விட வேண்டும். மறுநாள் நீர் மட்டத்தை ஜல்லிக்கு மேல் 15 செ.மீ. ஆக வைத்து, குழியின் வாயில் குறுக்கே ஒரு சட்டம் வைத்து, அதிலிருந்து 30 நிமிடத்தில் மட்டம் எவ்வளவு இறங்கியது என்று அளக்க வேண்டும். இரவிலேயே குழி வற்றிப்போயிருந்தால், 15 செ.மீ. அளவுக்குத் திரும்பத் திரும்ப நிரப்பி 4 மணி நேரம் அளந்து, கடைசி 30 நிமிட இறக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு நாள் பொறுமையை லட்சக்கணக்கில் செலவிடும் வீட்டில்கூட யாரும் தருவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

25 மி.மீ. இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதே கணக்கு. 30 நிமிடத்தில் 15 மி.மீ. இறங்கினால், 25 மி.மீ. இறங்க 50 நிமிடம். 30 நிமிடத்துக்குள் என்றால் உறிஞ்சு குழி போதும். 30-க்கும் 60-க்கும் இடையில் என்றால், நீரை அகலமாகப் பரப்பும் ஆழமில்லாத நீள வாய்க்கால்கள் தேவை. 60-ஐத் தாண்டினால் அந்த மண்ணுக்குள் நீரை விடும் எண்ணத்தையே கைவிட்டு, வடிகட்டி அமைப்பு போன்ற மாற்று ஏற்பாட்டுக்குப் போக வேண்டும்.

உங்கள் பகுதியில் இன்னொன்றும் உண்டு. மேலே தெரியும் சிவந்த சரலுக்கும் செம்புரைக்கல்லுக்கும் கீழே, பாறை மக்கி உண்டான வெளிறிய களிமண் பல இடங்களில் இருக்கிறது. சரலில் விறுவிறுவென்று இறங்கும் தண்ணீர் அந்தக் களியின் தலையில் நின்று, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக நகர்ந்து, கீழ்த் தட்டில் வெளிவரும். பக்கத்து வீட்டு வாழைகளிடம் போய் நிற்பது பெரும்பாலும் இந்த வழியாகத்தான் இருக்கும். ஆகவே இரண்டடி ஆழத்தில் எடுத்த அளவை ஆறடி ஆழக் குழிக்குப் பொருத்தாதீர்கள். மனையில் ஓர் இடத்தில் மட்டும் அளந்து நிறுத்தவும் வேண்டாம்.

குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர் தள்ளித்தான் உறிஞ்சு அமைப்பு இருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உள்ளது. 6 சென்ட் சதுர மனையின் ஒரு பக்கம் ஏறத்தாழ 51 அடி. 18 மீட்டரோ 59 அடி. உங்கள் கிணறு மட்டுமல்லாமல், மதிலுக்கு அப்பாலுள்ள கிணறுகளையும் டேப் வைத்து அளந்த பிறகே புதிய இடத்தை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நான் பொறியியல் மாணவன். குலசேகரம் பக்கம் ஒரு தடுப்பணைக்காகப் பாறையில் துளையிட்டுச் சோதித்ததைப் பார்த்தோம். அறிக்கையில் 3 லூஜியான் (பாறை எவ்வளவு நீரை விடுகிறது என்பதன் அலகு) என்று வந்தது. ஆனால் அதே துளையிலிருந்து எடுத்த கோர் துண்டு (உருளை வடிவப் பாறை மாதிரி), ஆய்வகத்தில் ஏறக்குறைய நீரே புகாதது என்று தெரிந்தது. எதை நம்புவது?
– மாணவர் ஒருவர், நாகர்கோவில்

பதில்: இரண்டையும் நம்பலாம், அணைக்கு வேண்டியது முதலாவது. அந்தப் பகுதியில் கிடைக்கும் சார்னோக்கைட்டும் நைஸும் நெருக்கமாகப் படிகமான பாறைகள். அவற்றில் தண்ணீர் கல்லின் உடலுக்குள் போவதில்லை, வெடிப்புகளின் வழியேதான் போகிறது. ஆய்வகத்துக்குப் போவது வெடிப்பில்லாத நல்ல துண்டு மட்டுமே. வெடிப்புள்ள இடம் எடுக்கும்போதே உடைந்துவிடும்.

சுவிட்சர்லாந்தின் நிலவியல் அறிஞர் மோரிஸ் லூஜியான் 1933-இல் முன்வைத்த அலகு இது. 1906-இல் முடிந்த நம் பேச்சிப்பாறை அணையைக் கட்டியவர்கள் காலத்தில் இப்படியோர் அளவே இல்லை. துளையின் ஒரு பகுதியை ரப்பர் பேக்கரால் (துளைச் சுவரோடு இறுகிப் பிடிக்கும் அடைப்பான்) அடைத்து, 10 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் நீரைச் செலுத்தும்போது, மீட்டருக்கு நிமிடத்துக்கு 1 லிட்டர் வெளியேறினால் அது 1 லூஜியான். நீங்கள் பார்த்த துளையில் 3 மீட்டர் நீளப் பகுதியில், 5 பார் அழுத்தத்தில், 10 நிமிடத்தில் 45 லிட்டர் போயிருந்தால், மீட்டருக்கு நிமிடத்துக்கு 1.5 லிட்டர், அதை 10 பாருக்கு உயர்த்தினால் 3 லூஜியான் வரும்.

ஆனால் அந்த ஓர் எண்ணைவிட, அது கிடைத்த விதத்தைப் பாருங்கள். அழுத்தத்தைக் குறைவு, நடுத்தரம், உச்சம், மீண்டும் நடுத்தரம், மீண்டும் குறைவு என்று ஐந்து படிகளில் கொடுப்பார்கள். இறங்கும் படிகளில், ஏறும்போது இருந்ததைவிட அதிக நீர் போனால், வெடிப்பிலிருந்த களி அரித்துக்கொண்டு போய்விட்டது என்று பொருள். அணை நிரம்பிய பிறகும் இதுவே நடக்கக்கூடும் என்பதால் இதைச் சராசரிக்குள் மறைப்பது ஆபத்து. குறைவாகப் போனால் வெடிப்புகள் நிரம்பிக்கொண்டிருக்கின்றன. உச்ச அழுத்தத்தில் மட்டும் திடீரென்று கூடினால், அழுத்தமே வெடிப்பை விரித்திருக்கலாம். ஆழம் குறைந்த துளைகளில் 10 பார் கொடுத்தால் மேலிருக்கும் பாறையே தூக்கப்படும். அதனால்தான் குறைந்த அழுத்தத்தில் அளந்து கணக்கில் உயர்த்துகிறோம்.

களத்தில் நிற்கும்போது துளையின் வாயிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். குழாயைச் சுற்றி நீர் மேலேறி வந்தால் பேக்கர் சரியாகப் பிடிக்கவில்லை. மீட்டரில் ஓடும் லிட்டர் பாறைக்குள் போகவில்லை. வெடிப்புகள் செங்குத்தாக இருக்கும் இடத்தில் செங்குத்துத் துளை அவற்றைத் தொடாமலே இறங்கிவிடும் என்பதால், சாய்வான துளை ஒன்றாவது கேளுங்கள்.

கேள்வி: குளச்சலில் கடற்கரைக்கு அருகே அடித்தளத்துக்காக 3 மீட்டர் தோண்ட வேண்டும். மணல் மாதிரியின் ஆய்வக அறிக்கையை வைத்து, குழியில் ஊறும் நீரை இறைக்க மோட்டார் வாங்கலாமா?
– ஒப்பந்தக்காரர் ஒருவர், குளச்சல்

பதில்: வேண்டாம். மணலை எடுத்துப் பைக்குள் போடும்போதே அதன் அடர்த்தியும் அடுக்கும் கலைந்துவிடும். கரையோர மணலில் கிடைமட்டமாக நீர் ஓடும் வேகம், மேலிருந்து கீழ் இறங்கும் வேகத்தைவிடப் பொதுவாக அதிகம். ஒரு கிணற்றில் சீராக இறைத்து, வெவ்வேறு தொலைவில் குறைந்தது இரண்டு கண்காணிப்புத் துளைகளில் மட்டம் நிலைக்கும் வரை அளக்கும் இறைப்புச் சோதனையே உங்களுக்குப் பொருந்தும். கடல் ஏற்ற இறக்கத்தோடு அங்கே நிலத்தடி நீர்மட்டமும் அசையும். ஆகவே ஒவ்வோர் அளவுக்கும் நேரத்தை எழுதுங்கள். இறைத்த நீரை அவ்வப்போது ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்துத் தெளிய விடுங்கள். அடியில் மணல் தங்கிக்கொண்டே இருந்தால் உடனே நிறுத்திவிட்டு வடிகட்டியைச் சரிசெய்யுங்கள். அந்த மணல் பக்கத்துக் கட்டடத்தின் அடியிலிருந்து வருவதாகவும் இருக்கலாம்.