கோபுரம் இல்லாத ஆலயமும் தரைக்கு அடியில் ஒரு தொட்டியும்

கேள்வி: இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் உள்ள லஃப்வுட் பாப்டிஸ்ட் ஆலயத்தின் படத்தைப் பார்த்தேன். கல் சுவரும் கூரை வேய்ந்த முகடுமாக, பெரிய தானியக் கொட்டகை போலத் தெரிகிறது. கோபுரமே இல்லை. இதற்குக் காரணம் வறுமையா, கொள்கையா?

பதில்: வறுமைக்கும் பங்கு இருந்திருக்கலாம், ஆனால் அதை நான் கடைசியில்தான் வைப்பேன். ஆக்ஸ்மின்ஸ்டர் நகருக்கு மேற்கே, டால்வுட் என்னும் சிற்றூருக்கு அருகில் உள்ள இந்தக் கட்டடம், 1653-ஆம் ஆண்டளவில் பக்கத்து ஊரான கில்மிங்டனைச் சேர்ந்த பாப்டிஸ்டுகளால், அதாவது அரசுத் திருச்சபைக்கு வெளியே நின்ற ஒரு கிறிஸ்தவப் பிரிவினரால், எழுப்பப்பட்டது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஆட்களைச் ‘சபை’ என்றும் கட்டடத்தை ‘ஆலயம்’ என்றும் பிரித்துச் சொல்வது உண்டல்லவா, அந்த வேறுபாட்டில் அக்காலத்துப் பாப்டிஸ்டுகள் மிகவும் கண்டிப்பானவர்கள். விசுவாசிகள் கூடுவதே சபை என்பதால், கட்டடத்தை அவர்கள் ‘கூடும் வீடு’ என்றே அழைத்தார்கள். வீட்டுக்குக் கோபுரம் எதற்கு?

கொள்கையோடு பின்னர் சட்டமும் சேர்ந்துகொண்டது. 1660-இல் முடியாட்சி திரும்பியபின், 1664-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அரசுத் திருச்சபையான இங்கிலாந்துத் திருச்சபையின் முறைக்குப் புறம்பாக, வீட்டாரைத் தவிர ஐந்து பேருக்கு மேல் வழிபாட்டுக்குக் கூடுவதைக் குற்றமாக்கியது. முதல் இரண்டு முறை சிக்கினால் சிறை அல்லது அபராதம். மூன்றாம் முறை, நூறு பவுன் கட்ட இயலாதவருக்கு ஏழாண்டு நாடுகடத்தல். அத்தகைய காலத்தில், மரங்களுக்கு நடுவே ஊரைவிட்டு ஒதுங்கி நின்ற ஒரு கொட்டகை எத்தனை பாதுகாப்பாக இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. 1689-இல் வந்த சகிப்புச் சட்டம் இவ்விடங்களைப் பதிவு செய்துகொள்ள அனுமதித்தது. கூடவே, வழிபாட்டின்போது கதவைத் தாழிடக் கூடாது என்றும் நிபந்தனை விதித்தது. அனுமதி கொடுத்த கைக்கும் சந்தேகம் தீரவில்லை.

கேள்வி: உள்ளமைப்பு எப்படி? ஞானஸ்நானத் தொட்டி எங்கும் தென்படவில்லையே?

பதில்: அது காலுக்கு அடியில் இருக்கிறது. மற்ற ஆலயங்களில் வாசலருகே நிற்கும் சிறிய கல்தொட்டி, குழந்தைகளின் தலையில் நீர் வார்ப்பதற்கானது. பாப்டிஸ்டுகளோ, தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடக் கூடிய வயது வந்தவருக்கே ஞானஸ்நானம் என்பவர்கள். அதுவும் உடல் முழுவதும் நீரில் அமிழ வேண்டும். தொடக்கத்திலேயே அப்படி இருந்துவிடவில்லை. 1609-இல் ஆம்ஸ்டர்டாமில் இவ்வியக்கத்தைத் தொடங்கிய ஜான் ஸ்மித் நீரை ஊற்றித்தான் ஞானஸ்நானம் கொடுத்தார். 1644-இல் லண்டன் சபைகள் வெளியிட்ட விசுவாச அறிக்கைதான் முழு உடலையும் நீரில் அமிழ்த்த வேண்டும் என்று எழுதி வைத்தது. ஆறும் ஓடையும் பலகாலம் இதற்குப் பயன்பட்டன. ஆள் இறங்கி நிற்கும் அளவுக்கு ஒரு குளத்தை எப்போதும் திறந்து வைத்தால் சிறிய கூடத்தில் பாதி போய்விடும். ஆகவே லஃப்வுட்டில் அதைத் தரைக்கு அடியில் அமைத்து, மேலே பலகை பாவிவிட்டார்கள். ஞானஸ்நான நாளில் பலகைகளை எடுப்பார்கள். மற்ற நாட்களில் அது வெறும் தரை.

உள்ளே இப்போது காணும் மர வேலை பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. இடுப்பளவுக்கு மேல் பலகை அடைத்து, கதவும் வைத்த பெட்டி போன்ற பைன் மர இருக்கைகளில் மெருகோ செதுக்கலோ கிடையாது. பலிபீடம் இருக்க வேண்டிய முதன்மை இடத்தைப் பிரசங்க பீடம் எடுத்துக்கொண்டிருக்கிறது. வேதவசனம் வாசிப்பதும் விளக்குவதுமே வழிபாட்டின் நடு என்பவர்களுக்கு அதுதானே முறை. வாத்தியக்காரர்களுக்கு மட்டும் ஒரு மாடம் உண்டு. இத்தனை சிக்கனத்துக்கு இடையில் இசைக்கு இடம் ஒதுக்கியிருப்பது எனக்குச் சற்று வியப்பாகவே இருக்கிறது. 1969 முதல் கட்டடத்தைப் பராமரிப்பது, பழைமையான இடங்களைப் பாதுகாக்கும் பிரிட்டனின் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்).