நேபாளியில் எது திட்டு?

கேள்வி: ஆறு மாத வேலைக்காகக் காத்மாண்டு வந்திருக்கிறேன். அலுவலகப் பையன்கள் தங்களுக்குள் பேச்சுக்குப் பேச்சு 'மூஜி' என்கிறார்கள். நானும் சொல்லலாமா? வேறு எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: வேண்டாம், சொல்லாதீர்கள். மூஜி பச்சையான கெட்ட வார்த்தை. சேர்ந்து சுற்றுகிற நண்பர்களுக்குள் செல்லமாகப் புழங்கும். அதே பையன்கள் வீட்டில் பெரியவர்கள் எதிரே அதைச் சொல்ல மாட்டார்கள். வந்து சில வாரமே ஆன உங்கள் வாயிலிருந்து வந்தால் திட்டாகத்தான் விழும். 'மாசிக்னே' இன்னும் மோசம், தாயை இழுக்கும் வசை. அடிதடியில் முடியும்.

என் கவலை வேறு. கெட்ட வார்த்தையே இல்லாமல் நீங்கள் ஒருவரை அவமதித்துவிடலாம். நமக்கு நீ, நீங்கள் என்று இரண்டு. அவர்களுக்கு தங், திமி, தபாய்ங் என்று மூன்று, அதற்கும் மேலே ஹஜுர். வினையும் கூடவே மாறும். உட்காரச் சொல்ல பஸ், பஸ, பஸ்னுஸ். இதில் முதலாவது சின்னக் குழந்தைக்கு, உயிர்த்தோழனுக்கு, அப்புறம் சண்டைக்காரனுக்கு. 'கஸ்லாய் தங் பனேகோ?' என்று ஒருவர் கேட்டுவிட்டால், 'யாரைப் பார்த்து டா போட்டுப் பேசுற?' என்று நம்மூரில் சட்டையைப் பிடிக்கும் கட்டம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

காத்மாண்டுக்குப் பக்கத்து ஊரான பாட்டனில் ஒரு டீக்கடை அம்மாவிடம் 'சியா தேவு' (டீ கொடு) என்று கேட்டுவிட்டேன். அது திமி வடிவம். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, 'தினுஸ்' என்று நிதானமாகத் திருத்தினார். நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் டீ வந்தது. அன்றிலிருந்து யாராக இருந்தாலும் எனக்கு 'னுஸ்'தான். கடைசியில் ஒரு 'ந' சேர்த்து 'தினுஸ் ந' என்றால் இன்னும் இதமாக இருக்கும்.

இந்தி தெரிந்தவர்கள் வழுக்குவது 'பாய்' என்ற சொல்லில். நேபாளியில் அது தம்பி மட்டுமே. மூத்தவர் 'தாஇ' (அண்ணன்), 'தீதி' (அக்கா). டாக்சி ஓட்டுநருக்கு ஐம்பது வயது என்றால் அவர் 'தாஇ'தான். 'பகதூர்', 'காஞ்சா' என்று பொத்தாம்பொதுவாகக் கூப்பிடுவதை அடியோடு விட்டுவிடுங்கள். இந்திய நகரங்களில் காவல் வேலை பார்த்துத் திரும்பிய பலர், அப்படிக் கூப்பிடப்பட்ட வலியோடு இருப்பவர்கள்.

வாய் தவறிவிட்டால் 'மாஃப் கர்னுஸ்' என்று சொல்லி, அடுத்த வாக்கியத்தைத் தபாய்ங் போட்டுத் தொடருங்கள். அந்நியர் என்று பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள்.