ஒரு பயணிகள் விமானத் திட்டம் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியாள் ஒருவர் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். நிறுவனம் எத்தனை விமானம் செய்ததாகச் சொல்கிறது என்ற ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் ஏமாந்துவிடுவோம். நான் மூன்றைத் தனித்தனியாக எண்ணுவேன்: தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தவை, பறந்தவை, விமான நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தவை. இந்த மூன்றுக்கும் நடுவில் எவ்வளவு தேங்கி நிற்கிறது என்பதில்தான் திட்டத்தின் உடல்நிலை தெரியும். நான் பல வருடமாக ஆசையோடு பின்தொடர்வது போயிங் 787 என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

787-ஐ அமெரிக்காவின் எவரெட் நகரத்தில் இருக்கும் போயிங் தொழிற்சாலையில் உலகுக்குக் காட்டிய நாள் 2007 ஜூலை 8. அமெரிக்க வழக்கப்படி எழுதினால் 7/8/07, அதற்காகவே தேர்ந்தெடுத்த தேதி. பளபளவென்று வெளியே வந்த அந்த விமானத்துக்குள் பெரும்பாலான கருவிகள் இல்லை. பாகங்களைப் பிணைக்கும் ஃபாஸ்ட்னர்களுக்கு அப்போது கடும் தட்டுப்பாடு, அதனால் பல இடங்களில் தற்காலிகமானவற்றைப் போட்டிருந்தார்கள். அந்த வருடமே பறக்கும் என்றார்கள். பறந்தது 2009 டிசம்பர் 15. முதல் விமானம் 2008 மே மாதம் ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸுக்குப் போயிருக்க வேண்டும். போனது 2011 செப்டம்பரில். வெளியே வந்ததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

சரி, கணக்கு எப்படி வைப்பது? ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு லைன் நம்பர் உண்டு, இறுதி அசெம்பிளிக்குப் போகும் வரிசை அது. எக்செல்லில் ஒரு லைன் நம்பருக்கு ஒரு வரி என்று தொடங்குங்கள். பக்கத்தில் மாடல், வாங்குபவர், வாலில் எழுதும் பதிவெண், அப்புறம் தேதிகள்: அசெம்பிளியை விட்டு வெளியே வந்தது, பெயின்ட் அடித்தது, போயிங் விமானிகள் முதன்முதலில் ஓட்டிப் பார்த்தது, வாங்குபவரின் ஆட்கள் ஏறிப் பார்த்தது, கைமாறியது. போயிங்கின் முதல் பறப்பை பி1 என்றும் வாங்குபவரோடு பறப்பதை சி1 என்றும் சொல்வார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் பி1-இலிருந்து டெலிவரி வரை சில வாரம்தான். மாதக் கணக்கில் இழுத்தால் காரணத்தைத் தேட வேண்டியதுதான். அது எப்போதும் தயாரிப்பாளரின் குறையாக இருக்காது. இருக்கை வந்து சேராததாலும், வாங்குபவர் பணம் புரட்டத் தாமதமானதாலும் நிற்கும் விமானங்கள் உண்டு. 2024-இல் இருக்கைகளும் வெப்பப் பரிமாற்றிகளும் போதாமல் 787 தடுமாறியது.

லைன் நம்பர் வரிசைப்படியே டெலிவரி நடக்கிறதா என்றும் பாருங்கள். 787-இன் ஆரம்பத்தில் வரிசை முழுக்கக் கலைந்து கிடந்தது. 2009-இல் இறக்கை உடலோடு சேரும் இடத்தை வலுப்படுத்த வேண்டும் என்று தெரிந்தபோது, செய்து முடித்தவற்றையும் பிரித்து வேலை பார்க்க வேண்டியதாயிற்று. பத்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட லைன் நம்பர்களில் இருந்த சில விமானங்கள் எடை கூடிப்போனதால் முதலில் கேட்டவர்களே வேண்டாம் என்றார்கள். அவை வருடக்கணக்கில் எவரெட்டில் நின்றன. பின்னால் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் சிலவற்றை வாங்கியது. அட்டவணையில் அந்த வரிகளின் டெலிவரிக் கட்டம் காலியாகவே இருந்ததைப் பார்க்க மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

தகவல் எங்கே கிடைக்கும்? போயிங்கும் ஏர்பஸ்ஸும் மாதாமாதம் டெலிவரிக் கணக்கைத் தாங்களே வெளியிடுகின்றன. சோதனைப் பறப்புகளை, வானத்தில் பறக்கும் விமானங்களை வரைபடத்தில் காட்டும் ஃப்ளைட்ரேடார்24 இணையதளத்தில் பார்க்கலாம், போயிங் விமானங்கள் பெரும்பாலும் BOE என்ற மூன்றெழுத்தோடு பறக்கும். எவரெட்டிலும் போயிங்கின் இன்னொரு தொழிற்சாலை இருக்கும் சார்ல்ஸ்டனிலும் வேலிக்கு வெளியே நின்று படம் எடுக்கும் ஆர்வலர்களுக்கு நாம் எல்லோருமே கடன்பட்டிருக்கிறோம். எனக்குப் பிடித்த அறிகுறி டிரீம்லிஃப்டர். ஜப்பானின் நகோயாவில் செய்த இறக்கைகளையும் இத்தாலியில் செய்த உடல்பகுதிகளையும் சுமந்து வருவதற்காகவே மாற்றியமைத்த 747 அது, உலகில் நான்கே உண்டு. அவற்றின் நடமாட்டம் கூடினால் உற்பத்தி கூடப்போகிறது என்று முன்கூட்டியே ஊகிக்கலாம்.

இந்த மூன்று எண்களும் எவ்வளவு தூரம் பிரிந்துபோகும் என்பதை 2020-இன் இறுதியிலிருந்துதான் முழுசாகப் பார்த்தோம். உடல்பகுதிகள் சேரும் இடங்களில் இடைவெளி அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. அனுமதித்த அளவே ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு, ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். டெலிவரி நின்றது, 2021-இல் கொஞ்ச நாள் தொடர்ந்தது, மே மாதத்திலிருந்து மறுபடி நின்றது. 2022 ஆகஸ்டில்தான் திரும்பத் தொடங்கியது. 2019-இல் 158 விமானம் கொடுத்த திட்டம் 2021-இல் கொடுத்தது 14. ஆனால் தொழிற்சாலை மெதுவாகவேனும் ஓடிக்கொண்டிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட 787-கள் செய்து முடித்து நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. விலையில் பெரும்பகுதி கைமாறும் அன்றுதான் வரும் என்பதால், நிற்கும் ஒவ்வொரு விமானமும் முடங்கிய பணம். விமானத்துக்கான தகுதிச் சான்றிதழை அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமே ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொடுக்கும் நிலை 2022-இல் வந்தது. அதுவும் வேகத்தைக் கட்டுப்படுத்தியது.

ஏர்பஸ்ஸிலும் இதே கணக்குதான். ஏ320நியோவுக்கு இன்ஜின் கிடைக்காமல் 2018-இல் நூறு விமானம் வரை இன்ஜின் இல்லாமல் நின்றன. உடல் தயாராக இருந்ததை நம்பிக் கணித்தவர்களின் கணக்கு அப்போது பிசகியது.

தொடங்குபவருக்கு ஒரு விஷயம்: ஒரு மாத எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். இரு நிறுவனங்களுமே வருட இலக்கை எட்ட டிசம்பரில் முட்டி மோதிக் கொடுப்பார்கள், ஜனவரியில் தரை தட்டும். மூன்று மாதக் கூட்டலை முந்தைய வருடத்தின் அதே மூன்று மாதத்தோடு ஒப்பிடுங்கள். பழைய கையிருப்பிலிருந்து கொடுத்ததையும் புதிதாகச் செய்து கொடுத்ததையும் கட்டாயம் தனித்தனியாக எழுதுங்கள். 2023-இல் 73 என்ற 787 டெலிவரி எண்ணைப் பார்த்து உற்பத்தி மீண்டுவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. அதில் கணிசமானவை முன்பே செய்து, இணைப்புகளைச் சரிசெய்து அனுப்பியவை. மறு வருடம் அந்த எண் 51.